கௌதாரிக்கு முன் நிற்கும் நாய்

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயல் செய்யும் தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. அவருடைய ஊர் நாய், ஒன்றரை வயதுக் கடுவன், வரம்பில் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு முன்காலைத் தூக்கியபடி சிலைபோல நின்றுவிடுகிறது. சில கணங்களில் முன்னாலுள்ள புல்லுக்குள்ளிருந்து காடை எழும்பிப் பறக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் பொயின்ரர், செற்றர் என்னும் பறவை வேட்டை நாய்கள் செய்வதும் இதுதானே, இந்த நாயையும் அப்படிப் பழக்கித் துவக்கோடு காடைக்கும் கௌதாரிக்கும் காட்டுக்கோழிக்கும் கொண்டு போகலாமா, அல்லது கொழும்பில் ஒரு செற்றர்க் குட்டியைத் தேடி வாங்குவது நல்லதா என்று கேட்கிறார்.

நான் எந்த அனுபவத்தை வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவில் பிறந்து, 1980களின் கடைசியில் நோர்வேயின் வடகோடியான பின்மார்க்குக்கு மீன் தொழிற்சாலை வேலைக்குப் போன தமிழர்களில் நானும் ஒருவன். மீன் வெட்டும் மேசையில் எனக்குப் பக்கத்தில் நின்ற நோர்வேஜியரிடம் இரண்டு இங்கிலிஷ் செற்றர் நாய்கள் இருந்தன. முதல் ஆண்டு அவருடைய பையைச் சுமந்துகொண்டு மலைக்குப் போனேன். மூன்றாம் ஆண்டு அந்த நாட்டு வேட்டைத் தேர்வை எழுதிச் சித்தியடைந்தேன். அதன் பிறகு பதினைந்துக்கு மேற்பட்ட இலையுதிர்காலங்கள் என் சொந்த நாய்களோடு அந்த மலைகளில் நடந்திருக்கிறேன். இப்போது ஊரில் இருக்கிறேன். துவக்கு இல்லை, நாய் மட்டும் உண்டு.

துவக்கோடு போகலாமா என்ற பகுதிக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்: போக முடியாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அதற்கு 1993, 2009 ஆம் ஆண்டுகளில் வந்த திருத்தங்களும் நீங்கள் பெயர் சொன்ன மூன்று பறவைகளையும் பாதுகாக்கின்றன. காட்டுக்கோழி இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது; நாட்டின் தேசியப் பறவையும் அதுவே. வெள்ளைக்காரர் காலத்தில் மாரி வயல்களில் வந்திறங்கும் உள்ளானைச் சுடுவது துரைமாரின் பெரிய பொழுதுபோக்காக இருந்தது என்று பழையவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. வில்பத்து, 2015இல் தேசிய பூங்காக்களாக அறிவிக்கப்பட்ட மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய இடங்கள், கொக்கிளாய், வங்காலை, கட்டுக்கரைக்குளச் சரணாலயங்கள் ஆகியவற்றுக்குள் துவக்கு இல்லாமல் நாயை மட்டும் கூட்டிக்கொண்டும் போகாதீர்கள். சுருக்குக் கம்பியையும், தட்டுப்பட்டதும் தானே வெடிக்கும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கையும் வைத்துவிட்டு அதற்கும் வேட்டை என்று பெயர் சொல்பவர்களைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை; கட்டுத்துவக்குக்கு மரையும் தெரியாது, விறகுக்குப் போகும் மனிதனும் தெரியாது.

ஆனால், தம்பி, உங்கள் கேள்வி இதனால் செத்துப்போகவில்லை. பறவை நாயின் கலையில் துவக்குக்கு உள்ள பங்கு மிகச் சிறியது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு நாள் முழுதும் மலையில் நடந்தால் வெடி தீரும் நேரம் எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம் வராது. மீதி நேரமெல்லாம் நாய், காற்று, பறவை, நடக்கும் மனிதன் ஆகிய நான்குக்கும் இடையிலான கணக்குத்தான், அந்தக் கணக்கை வன்னியிலும் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் நாய் செய்வது என்ன என்பதைப் பார்ப்போம். இரையைப் பிடிக்கும் எந்த விலங்கும் பாய்வதற்கு முன் ஒரு கணம் நின்று நிதானிக்கும். வீட்டுப் பூனை ஓணானுக்கு முன் செய்வதும் அதுவே. அந்த ஒரு கணத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இணை சேர்த்து நிமிடக் கணக்கில் நீட்டியதுதான் பொயின்ரர், செற்றர் இனங்களை உருவாக்கியவர்களின் சாதனை. துவக்கு பரவுவதற்கு முன் ஐரோப்பாவில் செற்றர் இன மூதாதைகள் பறவைகளுக்கு முன்னே பதுங்கிப் படுத்துக்கொள்ள, வேட்டைக்காரர் அவற்றின் மேலாக வலையை இழுத்துப் பறவைக் கூட்டத்தையே மூடினார்கள். படுத்திருத்தல் என்ற அந்தச் செயலிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. 1859இல் நியூகாசிலில் நடந்த முதல் நாய்க் கண்காட்சியில் இந்த இரண்டு வகை நாய்களைத் தவிர வேறு எதுவும் காட்டப்படவில்லை; 1865இல் பெட்போர்ட்ஷயரில் முதல் களப்போட்டி நடந்தது. ஆகவே ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளாக இந்த நிற்றலைப் புள்ளி போட்டு அளந்து வந்திருக்கிறார்கள். நோர்வேஜியர் இதை ‘ஸ்தான்’ என்பார்கள். நிற்றல் என்றுதான் அதற்கும் பொருள். இந்தப் பதிலில் நான் அதை ‘நிலை’ என்றே எழுதுகிறேன்.

ஊர் நாய்க்கும் நிலை வரும், ஆனால் நிலைக்காது. என் கணிப்பில், உங்கள் நாய் மூன்று நான்கு கணம் நிற்பது பிறவிக் குணம். அதை அரை நிமிடமாக்குவது பழக்கத்தால் முடியும். ஐந்து நிமிடமாக்க முடியாது. அதைப் பார்த்து மனம் சோரத் தேவையில்லை. பறவை நாய்களில் எல்லாமே நிற்பவை அல்ல. ஸ்பானியல் வகை நாய்கள் ஆளுக்கு இருபது இருபத்தைந்து மீற்றர் தூரத்துக்குள்ளேயே பற்றை பற்றையாகத் துளாவிப் பறவையை எழுப்பிவிடும்; லப்ரடோர் போன்றவை விழுந்ததை எடுத்து வருவதற்காகவே வளர்க்கப்பட்டவை. நாயுண்ணிப் பற்றையும் சூரையும் ஈச்சம்பற்றையும் நெருங்கிய எங்கள் நிலத்தில், கிட்ட நின்று வேலை செய்யும் நாய்தான் பயன்படும். பின்மார்க்கின் வெறும் மலையில் என் நாய் முந்நூறு மீற்றர் தள்ளி நிலை கொண்டாலும் எனக்குத் தெரியும். இங்கே முப்பது மீற்றருக்கு அப்பால் நாயே தெரியாது. ஐரோப்பாவில் அடர்ந்த காட்டுக்குள் போகிறவர்கள் நாயின் கழுத்தில் மணி கட்டுகிறார்கள்; மணி ஓய்ந்தால் நாய் நிலையில் நிற்கிறது என்று பொருள். மாட்டுக்குக் கட்டும் சின்ன மணி ஒன்று எங்களுக்குப் போதும்.

இனிப் பழக்கம். எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டியது ‘வா’. கூப்பிட்டால் வராத நாய்க்குப் பறவையைக் காட்டவே கூடாது, ஏனென்றால் பறவையின் மணத்தைவிட இனிய எதையும் உங்களால் அதற்குப் பிறகு கொடுக்க முடியாது. பத்து மீற்றர் மெல்லிய கயிறு ஒன்றைக் கழுத்துப் பட்டியில் கட்டி இழுபட விடுங்கள். ஒருமுறை மட்டும் கூப்பிடுங்கள். வராவிட்டால் கத்தாமல் கயிற்றைச் சுருட்டிக் கொண்டுவந்து, வந்ததற்காகத் தடவிக் கொடுங்கள். வந்த நாயை, அது எதைச் செய்துவிட்டு வந்திருந்தாலும், அடிக்காதீர்கள். எங்கள் ஊரில் நாய்கள் கூப்பிட்டால் வராமல் இரண்டு பாகம் தள்ளி நின்று வாலை ஆட்டுவதற்குக் காரணம், வந்தபோதெல்லாம் வாங்கிக் கட்டியதுதான்.

அடுத்தது ‘நில்’. இதைப் பறவையின் வாடை இல்லாத முற்றத்தில் தொடங்க வேண்டும். நாயை நிறுத்தி, ஒருமுறை சொல்லி, நீங்கள் ஓரடி விலகுங்கள். அது அடியெடுத்து வைத்தால் பேசாமல் தூக்கிப் பழைய இடத்திலேயே வையுங்கள். பழைய இடம் என்றால் அதே இடம்; ஒரு சாண் முன்னே வைத்தாலும் நாய் அந்தச் சாணைத் தன் வெற்றியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், காலையும் மாலையும், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று கிழமைகளில் நீங்கள் சுற்றி நடந்தாலும், தொப்பியை எறிந்தாலும், வீட்டுக் கோழி குறுக்கே ஓடினாலும் நிற்க வேண்டும். நோர்வேயில் பறவை எழும்பும் கணத்தில் நாய் குந்தி இருந்துவிட வேண்டும் என்று பழக்குவார்கள். உங்களுக்கு நின்றால் போதும். சிலர் குட்டிக்குத் தூண்டில் தடியின் நுனியில் இறகைக் கட்டி ஆட்டி நிலை கொள்ள வைத்து மகிழ்வார்கள். ஒருமுறை இரண்டுமுறை அது நல்ல வேடிக்கை. தொடர்ந்து செய்தால் நாய் மூக்கை விட்டுக் கண்ணால் வேட்டையாடப் பழகிவிடும். கண்ணால் தேடும் நாய் பறவை நாயாகாது.

பறவை வேலைக்கு வந்தால், என் முழு அனுபவத்திலும் நான் கற்ற ஒரே உண்மையான பாடம் இதுதான்: தன்னால் பறவையைப் பிடிக்க முடியாது என்று நாய் நம்ப வேண்டும். பாய்ந்தால் பறவை போய்விடும், நின்றால் மனிதன் வந்து ஏதாவது நடக்கும் என்பது அதன் மூளையில் ஏற வேண்டும். இதற்கு மாறாக ஒரே ஒருமுறை நடந்தாலும் விலை பெரிது. என் இரண்டாவது நாய், நல்ல இரத்தத்தில் வந்த செற்றர்ப் பெட்டை, தன் முதல் இலையுதிர்காலத்தில் நிலையை முறித்துக்கொண்டு பாய்ந்தது, பறவைகள் எழும்பின, நான் ஆசையை அடக்க முடியாமல் சுட்டேன், ஒன்று விழுந்தது. அன்று மாலை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பாய்ந்தால் பறவை விழும் என்று அந்த நாய் கற்றுக்கொண்டதை மறக்கடிக்க இரண்டு பருவம் துவக்கைத் தோளிலிருந்து இறக்காமலே அதன் பின்னால் நடந்தேன். பிழை நாயுடையதல்ல.

வளர்ப்புக் காடையை வாங்கி வயலில் விட்டுப் பழக்கலாமா என்று பலர் கேட்பார்கள். ஜப்பான் காடை ஆறு கிழமையில் முட்டையிடத் தொடங்கும், வளர்ப்பது சுலபம், எங்கும் கிடைக்கும். ஆனால் கூட்டில் வளர்ந்த காடை சரியாகப் பறக்காது. நாலு முழம் பறந்து விழும். நாய் எட்டிக் கவ்விவிடும். மேலே சொன்ன நம்பிக்கை அந்த இடத்திலேயே போய்விடும். ஆகவே காடையை வலைக்கூட்டுக்குள் வைத்து வாடைக்காக மட்டும் பயன்படுத்துங்கள். பறப்பதற்குப் புறா வேண்டும். உங்கள் வீட்டில் வளர்ந்த புறா எங்கே விட்டாலும் கூட்டுக்குத் திரும்பிவிடும். ஒரு பறவையும் சாகாது, திரும்பத் திரும்ப அதையே கொண்டு போகலாம். பலகையில் ஒரு பெட்டி செய்து, கயிற்றை இழுத்தால் மூடி திறக்கும்படி அமையுங்கள். புல்லுக்குள் அதை ஒளித்துவிட்டு, கயிற்று முனையை மச்சானோ தம்பியோ பிடித்திருக்க, நீங்கள் நாயைக் காற்றுக்குக் குறுக்கே நடத்திக் கொண்டு வாருங்கள். வாடை மூக்கில் பட்டவுடன் நாயின் தலை கயிற்றில் சுண்டியதுபோலத் திரும்பும். அந்தக் கணத்தில் வாய் திறக்காதீர்கள். நின்றால் நிற்கட்டும், ஓரடி எடுத்து வைத்தால் கயிற்றை இழுக்கச் சொல்லுங்கள், புறா பறந்துவிடும், நாய்க்கு ஒன்றும் கிடைக்காது. சில நாட்களில் தானாகவே நிற்கும். பிறகு நீங்கள் பக்கவாட்டாக, நாயின் கண்ணுக்குத் தெரியும்படி சுற்றி முன்னே போய், பத்து எண்ணி, அதன் பின் புறாவை எழுப்புங்கள். நேராகப் பின்னாலிருந்து விரைந்து வந்தால் நாய் உங்களோடு போட்டிக்குப் பாயும். ‘நில்’ என்ற சொல்லையும் முதல் மாதத்தில் பறவைக்கு முன்னால் சொல்லாதிருப்பதே நல்லது. பறவையே நிறுத்த வேண்டும், நீங்கள் அல்ல.

காற்றைப் பற்றி நாய்க்கு நாம் சொல்லிக் கொடுக்க ஒன்றுமில்லை. நமக்குத்தான் அது தெரிய வேண்டும். பறவையின் வாடை அடுப்புப் புகை போவதுபோல ஓரிடத்தில் ஒடுங்கித் தொடங்கி, காற்று போகும் திசையில் விரிந்துகொண்டே போகும். ஆகவே வயலுக்குள் இறங்கும்போது காற்று உங்கள் முகத்தில் அடிக்க வேண்டும். நாய் இடமும் வலமுமாக, நெசவு நூல் ஓடுவதுபோலக் குறுக்கே ஓடித் துளாவ வேண்டும். திருப்பத்தில் அது எப்போதும் காற்றின் பக்கமாகத் திரும்புகிறதா என்று பாருங்கள். உங்கள் பக்கமாகத் திரும்பும் நாய் துளாவிய நிலத்தையே மீண்டும் துளாவும். அதை முன்னுக்கு அழைக்க நீங்களும் கோணலாக நடந்து காட்ட வேண்டும். வன்னியில் இதற்கு ஏற்ற காலம், மாரி மழை விட்டு வாடைக்காற்று மெலிந்து வீசும் தை, மாசிக் காலைகள். பனி விழுந்த நிலத்தில் வாடை தங்கும். சோளகக் காற்று புழுதியை அள்ளி எறியும் மாதங்களில் காலை எட்டு மணிக்குப் பிறகு நாயை வெளியே எடுப்பதில் பொருளில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும் நாயால் மோப்பம் பிடிக்க முடியாது. இளைப்பும் மோப்பமும் ஒரே மூச்சில் நடக்காது. இதை அறியாமல், நாய் பறவையைத் தாண்டிப் போய்விட்டது, மூக்குச் சரியில்லை என்று சொல்பவர்கள் பலர்.

எந்தப் பறவை நாய்க்கு நல்லது என்பதும் சுவையான விடயம். பின்மார்க்கில் நாங்கள் தேடியது ரீப்பே என்னும் பனிநிலப் பறவை. கௌதாரியைவிடப் பெரியது, காலில் நகம்வரை இறகு மூடியிருக்கும், குளிர் வந்ததும் வெண்மையாக மாறிவிடும். செப்டெம்பர் 10 ஆம் திகதி பருவம் தொடங்கும்போது இளம் பறவைகள் நாய்க்கு முன் நன்றாகப் பதுங்கும். ஒக்ரோபரில் ஆளைக் கண்டாலே நூறு மீற்றருக்கு அப்பால் எழும்பிவிடும். எங்கள் வரம்புக் காடை முதல் வகை. மிதிபடும் அளவுக்கு நெருங்கும்வரை அசையாது, எழும்பினாலும் தாழப் பறந்து பக்கத்திலேயே விழும். பழகும் நாய்க்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. சொல்லப்போனால் நாம் காடை என்று அழைக்கும் அந்த மூன்று விரல் பறவை உண்மையான காடை இனமே அல்ல, கரையோரப் பறவைகளின் உறவு; அதில் பெட்டைதான் பகட்டாக இருக்கும், சேவல்தான் அடைகாக்கும். கௌதாரி வேறு மாதிரி. அது பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். நாய் நிலை கொண்டு நிற்கும்போதே ஐம்பது அடி முன்னே போய்விட்டிருக்கும். நிலையை விட்டு மெல்ல ஊர்ந்து மறுபடி நிலை கொள்ளத் தெரிந்த முதிர்ந்த நாய்க்கே அது சரி. தவிர, ஒட்டுசுட்டான் பக்கத்து உட்காட்டில் அதைத் தேடாதீர்கள். அது மன்னார்ப் பக்கத்து வரண்ட முட்பற்றைகளிலும் யாழ்ப்பாணத்திலும் வாழ்வது. காட்டுக்கோழியும் ஓடும், நெருக்கினால் மரத்தில் ஏறும்; நாய் மரத்தடியில் நின்று குரைக்கப் பழகிவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்காட்டி ஒன்று இருக்கிறதே, அது உங்களையும் நாயையும் கண்ட கணத்திலிருந்து குளக்கட்டு முழுதும் பறந்து பறந்து ஊருக்கே அறிவித்துவிடும். அதை நாய் துரத்தாமல் இருக்கப் பழக்குவதே தனி வேலை.

துரத்தாமல் இருப்பது என்று வந்தபோது, ஆடு, மாடு, கோழி, மயில் ஆகிய நான்கையும் நாய் துரத்தக்கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நோர்வேயில் நாய் வைத்திருப்பவர் அஞ்சும் விலங்குகள் செம்மறியும் கலைமானும். ஆட்டைத் துரத்தும் நாயோடு மலையில் யாருக்கும் மரியாதை இல்லை. அங்கே ஏப்ரில் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை எல்லா நாயும் கயிற்றில் இருக்க வேண்டும் என்பது நாடு தழுவிய சட்டம். காட்டு விலங்குகளும் பறவைகளும் குஞ்சு குட்டிகளோடு இருக்கும் காலம் அது. எங்களுக்கு அப்படி ஒரு நாட்காட்டி இல்லை, ஆகவே நாமே வைத்துக்கொள்ள வேண்டும்: குஞ்சுகளைக் கண்டாலோ, பறவை காயம்பட்டதுபோல இறக்கையை இழுத்துக்கொண்டு ஓடி நாயை ஏமாற்றுவதைக் கண்டாலோ, அன்றே கயிற்றைப் போட்டு வீட்டுக்குத் திரும்புங்கள், அந்தப் பக்கம் இரண்டு மாதம் போகாதீர்கள்.

வெடிச்சத்தம் உங்களுக்குத் தேவையில்லை என்று நினைக்கலாம். யானைவெடியும் கோயில் வெடியும் உள்ள ஊரில் தேவை. நாய் சாப்பாட்டில் மும்முரமாக இருக்கும்போது நூறு மீற்றர் தள்ளி யாராவது இரண்டு பலகையைத் தட்டட்டும். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டால் நாளைக்குக் கொஞ்சம் கிட்ட வரலாம். சாப்பாட்டை விட்டால் இன்னும் தூரம் போக வேண்டும். குட்டியைத் திருவிழாவுக்குக் கூட்டிப்போய்ப் பழக்குகிறேன் என்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். வெடிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளியும் நாயைக் கேலி செய்யவும் வேண்டாம். எங்களில் பலரும் இன்றுவரை ஒரு வெடிக்குத் திடுக்கிட்டுத்தான் நிமிர்கிறோம்.

துவக்கு இல்லாமல் இந்த நாயை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு நோர்வேயிலேயே பதில் இருக்கிறது. ஒவ்வோர் ஓகஸ்டிலும், பருவம் தொடங்குவதற்கு முன், தொண்டர்கள் தங்கள் பறவை நாய்களோடு வரைபடத்தில் குறித்த நேர்கோடுகளில் மலையைக் கடப்பார்கள். நாய் நிலை கொண்ட இடத்தில் பறவைகளை எழுப்பி, பெரியவை எத்தனை, குஞ்சு எத்தனை என்று எண்ணி, அவை எழுந்த இடம் கோட்டிலிருந்து எத்தனை மீற்றர் என்று அளந்து எழுதுவார்கள். அந்தத் தூரங்களிலிருந்து நிலத்தின் பறவை அடர்த்தியைக் கணக்கிடலாம். அந்த ஆண்டு ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை பறவை என்ற வரம்பை வகுக்க இந்த எண்ணிக்கை உதவும். நான் வெடி வைத்த நாட்களைவிட இந்த எண்ணும் நாட்களே எனக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன. நியூசிலாந்தில் 1890களிலேயே ரிச்சட் ஹென்றி என்பவர், வாய்க்கூடு போட்ட நாயைக் கொண்டு பறக்காத கக்காப்போ கிளிகளைத் தேடிப் பிடித்துப் பாதுகாப்பான தீவுக்கு மாற்றினார். கண்ணிவெடி அகற்றும் பணியில் நாய்களைப் பார்த்திருப்பீர்கள். வெடிமருந்தின் வாடை பட்டதும் தொடாமல் குரைக்காமல் அசையாது இருந்து காட்டுவதும் இதே குடும்பத்துப் பழக்கம்தான். உங்கள் சொந்த வயலிலும் சேனையிலும், காலபோக அறுவடை முடிந்து அரிதாள் நிற்கும் நாட்களில், ஒரே பாதையில் கிழமைக்கு ஒருமுறை நடந்து நாய் காட்டிய காடைகளைக் கொப்பியில் எழுதி வாருங்கள். அதற்கு மேல் ஊர்க்காட்டுக்குள் போய் எண்ண விரும்பினால், வனசீவராசிகள் அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்ட பிறகே போங்கள். துவக்கு இல்லை என்பது மட்டும் நாயை விட்டுக் கலைப்பதற்கு அனுமதியாகிவிடாது.

ஆபத்துக்களில் மிதிவெடியை முதலில் சொல்கிறேன். எச்சரிக்கைப் பலகை நிற்கும் நிலத்தின் ஓரத்தில்கூட நாயை அவிழ்த்துவிடாதீர்கள். துப்புரவாக்கியதாக உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த, மாடு மேய்ந்து உழவு இயந்திரம் ஓடிய நிலம் மட்டுமே நாய்க்குரியது. நாய் வெடித்தால் நாய் மட்டும் போவதில்லை, அதைத் தூக்க ஓடும் நீங்களும் போவீர்கள். குளத்து அலைகரையில் முதலை இருக்கும், ஆகவே தண்ணீரில் பொருளை எறிந்து எடுத்துவரப் பழக்கும் ஆசையை வீட்டுக் கிணற்றடித் தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். புடையன் படுக்கும் பற்றைக்குள் நாய் மூக்கை முதலில் நீட்டும். கடிபட்டால் கட்டுப் போட்டு மருந்து தேடி நேரம் கழிக்காமல் நேரே மிருக வைத்தியரிடம் தூக்கிப் போங்கள். உண்ணிக் காய்ச்சல், வயல் நீரில் வரும் எலிக்காய்ச்சல், விசர்நாய்த் தடுப்பூசி பற்றி அவரிடமே கேளுங்கள். நாய்களின் டிஸ்டெம்பர் நோய் சிறுத்தைக்கும் காட்டுப் பூனைகளுக்கும் தொற்றக்கூடியது, எனவே ஊசி போடாத நாயைக் காட்டோரம் கொண்டு போவது காட்டுக்கும் செய்யும் தீங்கு. வெயிலைப் பற்றி ஒன்று: நாயின் உடல் வெப்பம் இயல்பில் 38 பாகைக்குச் சற்று மேல், 41 பாகையைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. தடுமாறி நடந்தாலோ, ஈறு கடுஞ்சிவப்பானாலோ, நிழலில் கிடத்தி வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

இப்போது செற்றர்க் குட்டி. வாங்க வேண்டாம் என்பதே என் பதில். அந்த நீள மயிர் பின்மார்க்கின் குளிருக்குச் செய்த சட்டை. ஒட்டுசுட்டானில் அதற்குள் உண்ணியும் நாயுருவி முள்ளும்தான் குடியேறும். குட்டை மயிர்ப் பொயின்ரர் வெயிலைச் சற்றுத் தாங்கும், ஆனால் நாளொன்றுக்கு இரண்டு மணிநேரம் ஓடவிடாவிட்டால் அது வளவைக் கிளறி, கயிற்றைக் கடித்து, கடைசியில் கட்டிப்போட்ட நாயாகிவிடும். பெயருக்குச் செற்றர் என்று விற்கப்படும் குட்டிகளின் பெற்றோர் ஒரு பறவையையாவது கண்டிருக்குமா என்பதும் சந்தேகம். வரம்பில் காலைத் தூக்கி நிற்கும் கடுவன் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மூக்கும் இந்த மண்ணுக்குப் பழகியது. குட்டிக்கு வைத்திருந்த காசில் இரண்டு சோடி புறாவும் பெட்டிக்குப் பலகையும் வாங்குங்கள். புதிதாக வாங்கிய புறாக்களை உடனே அவிழ்த்துவிட்டால் பழைய வீட்டுக்கே போய்விடும். நான்கைந்து கிழமை கூட்டில் அடைத்துத் தீனி போட்டு, பிறகு பசி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்க வேண்டும். கூட்டில் பொரித்த குஞ்சுகள் இன்னும் நம்பகமானவை. ஐப்பசி மழைக்கு முன் கூட்டைக் கட்டினால், தை பிறக்கும்போது புறாவும் தயாராகும், ‘வா’வும் ‘நில்’லும் படித்து முடித்த நாயும் தயாராகும்.